கெளுத்தி முள்ளும் நாலு தையலும்

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சொன்னால் அது வேதம். அவர் இல்லாத நேரத்தில் நான் சொல்வதும் வேதம்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. டாக்டராகி ஆறு வருடம் ஆகியும் அது குறையவில்லை. வாயும் கொஞ்சம் நீளம்.

ஒரு நாள் காலையில் எண்ணூர் பக்கத்து மீனவர் ஒருவர் உள்ளங்கையில் கெளுத்தி குத்தி வந்தார். வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது குத்தியதாம். முள்ளை அவரே பிடுங்கி எறிந்துவிட்டாராம். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடும் அக்கா பக்கத்தில் நின்றார். அவரும் மீனவர் குப்பத்துக்காரர்.

"தைக்காதீங்க மேடம். கெளுத்தி முள்ளு நுனி ஒடஞ்சி உள்ளயே கீதுன்னு நினைக்கிறேன். மொதல்ல எக்ஸ்ரே எடுத்துடலாம்."

"அக்கா, இங்க டாக்டர் நீங்களா, நானா?"

அக்கா நூலை எடுத்துக் கொடுத்தார். நாலு தையல் போட்டேன். சீட்டில் கையெழுத்துப் போட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

நாலாம் நாள் மீனவர் திரும்பி வந்தபோது கை பன்னு மாதிரி உப்பியிருந்தது. எக்ஸ்ரேயில் முள் துண்டு பளிச்சென்று தெரிந்தது. பெரிய டாக்டர் தையலைப் பிரித்து, முள்ளை எடுத்து, சீழை வெளியேற்றினார். கை பிழைத்தது. பிறகு அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"காயத்த ஒழுங்கா கழுவினியா? இதான் நீ வேலை பாக்குற லட்சணமா? நாளையிலேர்ந்து வராதே!"

அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம் அது. நல்லது நடந்தால் டாக்டரின் கைராசி, கெட்டது நடந்தால் கட்டுப் போட்டவரின் கை.

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. பயம்தான் கூடுதல். அவர் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"சார், அவங்க எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க. கேக்காம தச்சது நான்."

பத்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெரிய டாக்டர் அக்காவை வேலையில் இருக்கச் சொன்னார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்ட மிதப்பில் அக்காவுக்கு டீ வாங்கிக்கொண்டு போனேன். வாங்கி நிதானமாகக் குடித்தார்.

"உண்மைய சொல்லிட்டீங்க, நல்லது மேடம். ஆனா நான் பைய எடுத்துகினு வாசல் வரிக்கும் நடந்தேனே, அதுவரிக்கும் இன்னா யோசிச்சிகினு இருந்தீங்க?"

ஏதோ சொல்லி மழுப்பினேன். அக்காவுக்கு எப்படியும் வேறு இடத்தில் வேலை கிடைத்துவிடும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.