முதல் வரியில் இருந்த பெயர்

போன வாரம் தென்காசியில் நண்பர் மாடசாமியின் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் கம்ப்யூட்டர் படித்த பகவதி, செங்கோட்டை பஸ்ஸில் வந்திறங்கி, செருப்பைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தாள். கம்ப்யூட்டர் ரூமில் செருப்பா? வேறு நாளாக இருந்தால் மாடசாமி ஒரு கத்து கத்தியிருப்பார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் முகம் அப்படி.

விஷயம் இதுதான். மாடசாமி, குற்றாலம் லாட்ஜ்களுக்காக அறை வாடகை போடும் ஒரு புரோகிராம் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் ஃபிளாப்பியில் இனாமாகக் கொடுத்து வருகிறார். நல்ல மனசு! ஆனால் அதில் தேதிக் கணக்குப் பகுதி பகவதி எழுதியது. ‘யாரும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் மட்டும் இருக்கட்டும்’ என்று முதல் வரியிலேயே எழுதித்தான் கொடுத்திருந்தாள்.

மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் அவளுக்கு இன்டர்வியூ. நீ எழுதியதைக் காட்டு என்றார்கள். காட்டினாள். அதிகாரி சிரித்தாராம். சாரலுக்குக் குற்றாலம் வந்திருந்த அவர், தங்கிய லாட்ஜிலிருந்து அந்தப் புரோகிராமை ஒரு ஃபிளாப்பியில் வாங்கிப் போயிருக்கிறார். அதிலும் அதே வரிகள்... அவள் பெயர் மட்டும் இல்லை.

“காப்பியடிச்ச பிள்ளைன்னு திருப்பி அனுப்பிட்டாவ அண்ணாச்சி. எம் பேரு எங்க போச்சு?”

“நான் ஒரு பைசா வாங்கலியேம்மா. இனாமாத்தான குடுக்கேன்?”

“தாராளமா குடுங்க. எம் பேர எதுக்கு அழிச்சிய?”

மாடசாமி தலையைச் சொறிந்தார். “மொத வரி சாமிக்கு இல்லியா... அதான் அத எடுத்துட்டு ‘முருகன் துணை’ன்னு போட்டேன்.”

“அப்ப அந்த வேலைக்கு முருகனையே போகச் சொல்லுங்க!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

இனாம் என்றாலே எழுதியவருக்கு உரிமை போய்விடுகிறது என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தது? எடுத்துக்கொள் என்பது அவள் கொடுத்த அனுமதி. பெயர் இருக்கட்டும் என்பது அதற்கு அவள் கேட்ட ஒரே விலை. மாடசாமி முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். கெட்ட எண்ணம் இல்லைதான். நஷ்டம் என்னவோ பகவதிக்கு.

மாடசாமி உடனே தபால் ஆபீசுக்கு ஓடி மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டார். “அழிச்சது நாந்தான் சார்! அந்தப் பிள்ளை எழுதுனதுதான்!” என்று அவர் போட்ட சத்தத்தில், ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி மசியவில்லை. ஃபோனில் யாரும் எதையும் சொல்லலாம், நேரில் வந்தால் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

லாட்ஜ் லாட்ஜாக ஏறி ஃபிளாப்பிகளை மாற்றும் வேலை வேறு பாக்கி. சீசன் நேரத்தில் எந்த மேனேஜர் கம்ப்யூட்டரை விட்டு நகருவார்?

பகவதி திங்கட்கிழமை மறுபடியும் மெட்ராஸ் போகிறாள். இந்தத் தடவை ஃபிளாப்பியோடு மாடசாமியையும் எடுத்துக்கொண்டு.