பாதி தெரிந்த எண்

எங்கள் பிரிவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் பிடிபடாத ஒரு நம்பரை, அவர் தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். “நீங்க மனுஷனா, பூதக்கண்ணாடியா?” என்று கேட்டேன். பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எங்கள் வேலையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சாலைச் சந்திப்புகளில் கேமரா வைத்திருக்கிறார்கள் இல்லையா, அது பிடிக்கிற படத்தில் வண்டி நம்பரை இயந்திரமே படித்துக்கொள்ளும். இயந்திரம் கையை விரித்துவிட்ட படங்கள் மட்டும் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்களிடம் வரும். சேறு அப்பியது, வளைந்தது எல்லாம் கொஞ்சம்தான். பெரும்பாலும் ஃபிரேமும் பிளாஸ்டிக் கவரும் போட்ட நம்பர் பிளேட்டுகள். ஒரு படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நம்பரை எழுதினால்தான் செல்லும். தெரியவில்லை என்றால் அழுத்துவதற்கு ‘படிக்க இயலவில்லை’ என்று ஒரு பொத்தான் உண்டு. அவர் முதல் ஆள், நான் இரண்டாவது. பத்தொன்பது வருடம் அப்படியே ஓடியது.

ஃபிரேமும் கவரும் கூடாது என்று சட்டம் வந்தே ஆறு வருடம் ஆகிறது. தெளிவான பிளாஸ்டிக்கும் கூடாது, ஏனென்றால் ஃபிளாஷ் பட்டதும் அது வெளுத்துப் பளீரென்று நம்பரை விழுங்கிவிடும். அந்தச் சுற்றறிக்கையை எங்கள் வாசல் பலகையிலேயே குத்தி வைத்திருக்கிறார்கள். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் போய்ப் பாருங்கள், பாதி வண்டிக்கு ஃபிரேம். மேலதிகாரி காரில் அவருடைய கிளப் பெயர் போட்ட ஃபிரேம். என் ஸ்கூட்டரில் என் தம்பி கடை விளம்பரம். அந்த ஃபிரேமின் கீழ்ப்பட்டை எண்களின் காலை மறைக்கும். பூதக்கண்ணாடி மாதம் ஒரு முறையாவது, “அதைக் கழட்டிடும்மா” என்பார். “நான் என்ன கொலையா பண்றேன்? விடுங்கண்ணே” என்பேன். வாய் எனக்கு அப்போதெல்லாம் கொஞ்சம் நீளம்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. படிக்கும்போது எண்களை முணுமுணுப்பார். ஏழு, ரெண்டு, ரெண்டு, ஆறு என்று குழந்தை வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. பக்கத்து மேஜையில் இருக்கும் எனக்குக் காதில் விழும். மதியம் சாப்பிட்ட பிறகு கண் சொக்கும் நேரத்தில் நான் படத்தையே பார்க்காமல் அவர் சொன்னதைத் தட்டியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. அவர் தப்பு செய்ய மாட்டார் என்கிற நம்பிக்கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது சோம்பேறித்தனம்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அதன் பலன் வந்தது. சைக்கிளில் போன ஒருவரை ஒரு வேன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் இறந்துவிட்டார். படத்தில் பிளேட்டுக்கு ஃபிரேமும் கவரும், கடைசி எண் பாதி வெளுத்திருந்தது. பூதக்கண்ணாடி அண்ணன் “எட்டு” என்று முணுமுணுத்தார். நானும் எட்டு தட்டினேன். ஒரு காய்கறி வேன்காரரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர் வேனின் முன்பக்கம் நசுங்கியிருந்ததாம். எந்தக் காய்கறி வேன்தான் நசுங்காமல் இருக்கிறது?

பதினேழு நாள் கழித்து, ஜாமீனில் வெளியே வந்த அந்த வேன்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பையிலிருந்து தன் வண்டியின் நம்பர் பிளேட்டையே எடுத்து மேஜைமேல் வைத்தார். “படத்துல இருக்கற வண்டிக்கு ஃபிரேம் இருக்கு சார். என் பிளேட்டுல ஃபிரேம் மாட்டின தடம் எங்கேயாவது இருக்கா பாருங்க. ஒரு ஓட்டை இருக்கா, ஒரு கீறல் இருக்கா?” இல்லை. எங்கள் இருவர் கண்ணுக்கும் ஃபிரேம் தெரிந்துதான் இருந்தது. நாங்கள் பார்த்தது எண்ணை மட்டும். “என் பையன் ஸ்கூலுக்குப் போறதில்ல சார். உங்கப்பா ஆளைக் கொன்னுட்டாராமேன்னு கேக்கறாங்களாம்.” அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அண்ணன் தன் மேஜையைத் தானே இழுத்துக்கொண்டு போய் அறையின் அந்தக் கோடியில் போட்டுக்கொண்டார். முணுமுணுப்பு நின்றுவிட்டது. அவர் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் எழுதினேன் என்று நான் அவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணனின் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, தையல் வேலை செய்தாள். எங்கள் பிரிவில் பாதிப் பேரின் உடம்பு அளவு அவளுக்கு மனப்பாடம். எனக்கு வருஷா வருஷம் இடுப்பில் இரண்டு விரல் கூட்டிவிட்டு, வெளியே சொல்லாமல் இருந்த ஒரே ஆத்மா அவள். “ரோட்டுல போற நம்பரெல்லாம் படிக்கிறாரு, என் மூஞ்சிய மட்டும் படிக்கத் தெரியாது உங்கண்ணனுக்கு” என்பாள். அவளுக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. அதனால் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணன் பத்து ஊசியில் நூல் கோத்து ஊசி மெத்தையில் குத்தி வைத்துவிட்டு வருவார். பத்தும் தீர்ந்துவிட்டால் அவர் சாயங்காலம் வரும்வரை கையால் தைக்கிற வேலையை நிறுத்திவைப்பாள். நாங்கள் கிண்டல் செய்வோம். “இந்தக் கண்ணுக்கு அதுதாம்மா சரியான வேலை” என்பார் அவர்.

போன வருடம் ஒரு சாயங்காலம் தைத்த துணியைக் கொடுக்கப் போனவள் சாலையைக் கடக்கும்போது வெள்ளைக் கார் ஒன்று இடித்தது. நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். அண்ணன் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் கிளம்பும்போது மட்டும், “மூணு ஊசிதாம்மா எடுத்திருக்கா. ஏழு அப்படியே இருக்கு” என்றார்.

சந்திப்புக் கேமராவில் படம் விழுந்திருந்தது. பிளேட்டுக்குப் புகை நிறத்தில் கவர், சுற்றித் தடித்த கறுப்பு ஃபிரேம். முன் எழுத்துகள் தெரிந்தன. ரெண்டு, ஏழு, நாலு தெரிந்தன. கடைசி எண்ணில் மேலே ஒரு வளையம் மட்டும். கீழ்ப்பாதி ஃபிரேமுக்குள். எட்டாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம்.

போலீஸ் இரண்டு காரையும் கண்டுபிடித்துவிட்டது. இரண்டும் வெள்ளை. எட்டில் முடிகிற கார் ஒரு பள்ளி ஆசிரியையுடையது, அன்றைக்கு வண்டியை வீட்டைவிட்டே வெளியே எடுக்கவில்லை என்கிறார். ஒன்பதில் முடிகிற காரின் சொந்தக்காரர் அதே வாரம் முன்பக்க பம்பரை மாற்றியிருக்கிறார். இரண்டு காரிலும் இப்போது ஃபிரேம் இல்லை, ஆனால் இரண்டு பிளேட்டிலும் மாட்டிக் கழற்றிய தடம் இருக்கிறது. வேறு சாட்சி கிடையாது. எங்கள் பிரிவில் இரண்டு பேர் ஒன்பது என்று எழுதினால் வழக்கு கோர்ட்டில் எடுபடும். இல்லையென்றால் இல்லை.

நான் ஒன்பது என்று எழுதினேன். மறைக்க என்ன இருக்கிறது? பம்பர் விஷயம் எனக்கு முன்பே காதில் விழுந்திருந்தது. அந்த வளையத்தைப் பார்க்கும்போதே ஒன்பது ஒன்பது என்றுதான் மனம் சொன்னது. இன்னொரு மேஜைக்காரர் ‘படிக்க இயலவில்லை’ என்று அழுத்திவிட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் என்று அன்று முழுக்கத் திட்டினேன்.

இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் படம் மூத்தவரிடம் போகும். மூத்தவர் அண்ணன். தன் உறவினர் சம்பந்தப்பட்ட படத்தைத் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது. மேலதிகாரி அறைக் கதவைச் சாத்தினார், விதியையும் சேர்த்துச் சாத்தி வைத்தார். “உங்க கண்ணுக்கு மேல இங்க யார் இருக்கா? நீங்களே பாருங்க. கையெழுத்து வேற பேர்ல போட்டுக்கலாம்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் அண்ணனின் மகளும் வந்திருந்தாள். அம்மாவின் ஜாடை அப்படியே. அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“அப்பா, ஒரே ஒரு நம்பர். அதை எழுதுங்க, போதும்.”

“பாக்கறேம்மா.”

“பாக்க என்ன இருக்கு? பம்பரை மாத்தியிருக்கான். எல்லாருக்கும் தெரியுது.”

“எல்லாருக்கும் தெரியறது வேற, படத்துல தெரியறது வேற.”

“அம்மாவுக்காகக்கூட எழுத மாட்டீங்களா?”

அவர் மதியம் இரண்டு மணிக்குப் படத்தைத் திறந்தார். பெரிதாக்கினார், சிறிதாக்கினார், வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அறை முழுக்க வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தது. நாலரை மணிக்கு, இத்தனை வருடத்துக்குப் பிறகு, அந்தக் கோடியிலிருந்து முணுமுணுப்பு கேட்டது. “ரெண்டு. ஏழு. நாலு.” சொல்லிவிடுங்கள் அண்ணே என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த எண் வரவில்லை. பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது.

மகள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். ‘படிக்க இயலவில்லை.’ அன்றைக்கே ஊருக்குக் கிளம்பினாள். போகும்போது ஏழு ஊசியோடு அந்த மெத்தையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஃபோன் இல்லை. இவர் அடித்தாலும் எடுப்பதில்லை.

எனக்கும் ஆத்திரம்தான். பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் பொறுக்க முடியாமல் அவர் மேஜைக்குப் போய்க் கேட்டேவிட்டேன்.

“உண்மையச் சொல்லுங்கண்ணே. உங்களுக்கு ஒன்பதுன்னு தெரியல?”

“தெரிஞ்சுது. மூணு மணிக்கு நல்லாவே தெரிஞ்சுது. அரை மணி நேரம் கழிச்சு எட்டு மாதிரித் தெரிஞ்சுது. மறுபடி ஒன்பது.”

“அப்போ ஒன்பதுன்னு எழுதியிருக்கலாமே?”

“ஒன்பதா இருக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சும்மா. அதனாலதான் எழுதல.” திரையை அணைத்தார். “அந்த வேன்காரர் பையனுக்கு இப்ப இருபது வயசு இருக்கும், இல்ல?”

நான் அங்கே நிற்க முடியாமல் கீழே இறங்கிப் போய்விட்டேன். வண்டி நிறுத்துகிற இடத்தில் வெயில் சாய்ந்திருந்தது. என் ஸ்கூட்டரைப் பார்த்தேன். தம்பி கடைப் பெயர், ஃபோன் நம்பர், இரண்டு பக்கமும் பூ. நான் என்ன கொலையா பண்றேன் என்று அவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அண்ணியைக் கொன்றவனும் கடையில் அந்த ஃபிரேமை வாங்கிய அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருப்பான்.

காவலாளியிடம் ஸ்குரூ டிரைவர் வாங்கினேன். திருகாணி துருப்பிடித்திருந்தது. என் கை நழுவி நழுவிப் போயிற்று. எப்போது வந்தாரோ தெரியாது, அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்து வாங்கி, குந்தி உட்கார்ந்து, நாலு திருகாணியையும் கழற்றினார். ஃபிரேமைத் தரையில் வைத்தார். பட்டைக்குக் கீழே ஒளிந்திருந்த இடம் மட்டும் புதுசாகப் பளபளத்தது. அந்த ஸ்கூட்டருக்குப் பக்கத்தில்தான் இத்தனை வருடம் தன் சைக்கிளை நிறுத்தினார்.

அவர் உதடு அசைந்தது. “மூணு. ஆறு. ஒண்ணு.” கடைசி எண்ணைத் தொட்டு, விரலால் மேலிருந்து கீழ்வரை மெதுவாகத் தடவினார்.

“அஞ்சு. அடிவரைக்கும் தெரியுதும்மா” என்றார்.

அப்படியே ஸ்கூட்டரின் சக்கரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அண்ணி போன நாளிலிருந்து முதல் முறையாக, வாய்விட்டு அழுதார்.