போனாலு அன்று அறுந்த வயர்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். அரசாங்கம் கிராமம் கிராமமாக இணையக் கேபிள் புதைக்கப்போகும் செய்தியைப் படித்ததும் இதைச் சொல்லித்தான் கேலி செய்தேன். ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டிலிருந்த அரசு இணைப்பையும் துண்டித்து, மொட்டைமாடி வழியே வயர் இழுக்கும் கேபிள்காரரிடம் மாறியிருந்தேன்.

தெலுங்குப் பெண்கள் அம்மனுக்குப் படையல் பானை சுமந்து போகும் போனாலு திருவிழா அன்று, ஊர்வல லாரியின் அலங்காரம் மாட்டி, தெருவில் தொங்கிய வயரெல்லாம் அறுந்தது. பொறியியல் கவுன்சலிங்கில் என் மகள் கல்லூரி விருப்பங்களை இணையத்தில் பதிவு செய்ய அன்று மாலை ஆறு மணிதான் கடைசி. அப்போது மணி நாலரை. திருவிழாக் கூட்டத்தில் மொபைல் நெட்டும் நகரவில்லை; நெட் சென்டர்களும் விடுமுறை.

"இன்னைக்கு நக்கோ மேடம், நாளைக்குதான்" என்றார் கேபிள்காரர்.

"பழைய கனெக்‌ஷனை எடுக்காதேன்னு நான் அப்பவே சொன்னேன் மம்மி!" மகள் அழுதாள்.

அடுத்த தெரு லட்சுமி அக்கா வீட்டுக்கு ஓடினோம். அவருடைய அரசு இணைப்பு பூமிக்கடியில் வருவது. "தண்டம்னு சொன்னியே, வா வா!" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்.

கணினிமுன் அவருடைய கிராமத்து உறவுப்பெண், அதே பதிவுக்காக உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்தவள்.

"உங்க ஊர்லயும் வயர் அறுந்துடுச்சாம்மா?"

"அறுந்துபோக எங்க ஊர்ல வயரே இல்ல ஆண்ட்டி."

அவள் முடித்து எழுந்தபின், ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் என் மகளும் முடித்தாள்.

மறுவாரமே பழைய இணைப்புக்கு மனு கொடுத்தேன். கேபிள் செலவு வீண் என்று யாராவது ஆரம்பித்தால், இன்றும் அளக்கத்தான் சொல்கிறேன். அந்தப் பெண் ஏறிவந்த இரண்டு பஸ்ஸையும் சேர்த்து.