இன்று கிருத்திகை அல்ல

பனியில் நனைந்த ரெக்ஸின் இருக்கையின் வாடையும், வண்டி கிளம்புமுன் அப்பா கொளுத்தும் ஊதுவத்திப் புகையும், டீசல் நெடியும் கலந்த ஒரு வாசனை உண்டு. மார்கழிக் காலையில் மேற்குத் தாம்பரம் வேன் ஸ்டாண்டைக் கடக்கும்போது ஏதாவது ஒரு மூச்சில் அது இன்றும் வந்துவிடும். வந்ததும் எனக்குப் பக்தி வராது, பழிவாங்கிய திருப்திதான் வரும். பதினான்கு வயதில் நான் ஒரு மனிதரைத் தெரிந்தே தலைகுனிய வைத்தேன். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அதற்காக வருந்தியதில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்த இடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்பா தணிகாசலம் அந்த ஸ்டாண்டில் இருந்த ஒரு டிராவல்ஸில் டிரைவர். கையெழுத்து மட்டும் போடுவார். மற்றபடி எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பெயர்ப்பலகைகளை அவற்றின் நீளத்தை வைத்தும் பக்கத்தில் நிற்கும் மரத்தை வைத்தும் அடையாளம் காண்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளி விட்டதும் அவர் வரும்வரை டிராவல்ஸ் ஆபீசின் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். முதலாளியை எல்லோரும் "ஓனர்" என்பார்கள். அவர் என்னைக் கூப்பிடுவது டீ வாங்கிவரச் சொல்வதற்கு மட்டும்தான்.

எண்பதுகளின் கடைசியில், நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. பொங்கல் முடிந்ததும் மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஓர் உல்லாசக் கப்பல் வரும், ஒரு பகல் மட்டும் நிற்கும். அதில் வரும் ஏழு பேர் கொண்ட தமிழ்க் குடும்பம் காலையில் இறங்கி, குன்றத்தூர் முருகனைக் கும்பிட்டு, மகாபலிபுரமும் பார்த்துவிட்டு, மாலை ஐந்துக்குள் கப்பலேற வேண்டும். பிந்தினால் கப்பல் காத்திருக்காது, ஆகவே எந்த மணிக்கு எங்கே இருப்போம் என்று எழுதி அனுப்பவும் என்றிருந்தது. ஓனர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என்னிடம் நீட்டினார்.

படித்துச் சொன்னேன், பதிலையும் நானே எழுதினேன். மூன்று மாலைகள் அப்பாவைக் கேட்டுக் கேட்டு எழுதிய தாள் அது. அவருக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது. "ஹார்பர் கேட்டாண்ட பாஸ் பாக்கறேன்னு அரை மணி நிக்க வெப்பான், வெள்ளிக்கெளமன்னா பல்லாவரத்துல சந்தை, லாரி நவுராது" என்று அவர் சொல்லச் சொல்ல, அதையெல்லாம் நான் நிமிடங்களாக மாற்றினேன். குன்றத்தூரைப் பற்றி அம்மா ஒன்று சொன்னாள்: கிருத்திகை என்றால் மலையில் கால் வைக்க இடமிருக்காது. காலண்டரைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, "இன்று கிருத்திகை அல்ல, எனவே தரிசனத்துக்கு ஒரு மணி நேரம் போதும்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நான் அதுவரை எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

ஓனர் அந்தத் தாளை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து அடித்து வாங்கி, கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பயணம் சொன்ன மணிக்குச் சொன்ன இடத்தில் நடந்தது. திரும்பும் வழியில் அவர்கள் டீ குடிக்க எங்கள் ஆபீசில் இறங்கினார்கள். குடும்பத்துக்கு மூத்தவராக இருந்த, எல்லோரும் "பெரியம்மா" என்று கூப்பிட்ட அம்மாள், இதை இவ்வளவு அழகாக எழுதியது யார் என்று கேட்டார். "என் பொண்ணுதாம்மா" என்று அப்பா வாயெடுத்தார். ஓனர் அவர் தோளில் தட்டிச் சிரித்தார்.

"டிரைவர் வூட்டுப் பொண்ணு இன்னாம்மா எழுதும்? அதுக்கு டீ வாங்கியாரத் தெரியும், அவ்ளோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். என் எழுத்து திருட்டுப் போனதைப் பதினைந்து நாளில் மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த மார்கழியில் அதே பெரியம்மா மறுபடியும் கப்பலில் வருவதாகத் தகவல் வந்தது. இந்த முறை பதினான்கு பேர், இரண்டு வேன். மூன்று வயதுப் பேரனுக்கு மொட்டை அடிக்க வேண்டும். ஓனர் என்னைக் கூப்பிடவில்லை. பழைய தாளில் தேதியை மட்டும் மாற்றிப் புதிதாக அடித்து அனுப்பிவிட்டார். டீ கொண்டுபோய் வைக்கும்போது அதன் நகலை மேசைமேல் பார்த்தேன். என்னுடைய வரி அப்படியே இருந்தது. அவருடைய தலைக்கு நேர் பின்னால் மாதக் காலண்டர் தொங்கியது, அந்தத் தேதிக் கட்டத்தில் சிவப்பில் "கிருத்திகை" என்று போட்டிருந்தது. கிளாஸை வைத்தேன், வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் வேறொரு தாள் எழுதி மடித்து வைத்துக்கொண்டேன்.

அரைப் பரீட்சை லீவு என்பதால் என்னையும் கூட்டி வரும்படி அப்பாவிடம் ஓனரே சொன்னார். "செருப்பைப் பாத்துக்கினு கெடக்கட்டும்" என்றார். அன்று அவரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஒன்பதரைக்குக் குன்றத்தூர் போய்ச் சேர்ந்தபோது வரிசை மலையடிவாரத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. பால்குடமும் காவடியுமாகக் கூட்டம் நெரிந்தது. நான் பதினைந்து ஜோடிச் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் அவர்கள் பத்துப் படிதான் ஏறியிருந்தார்கள். வெயில் ஏறியது, குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. பெரியம்மா வரிசையை விட்டு இறங்கி வந்து, கைப்பையிலிருந்து தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கூட்டத்தையும், பின்னாலேயே இறங்கி வந்த ஓனரையும் பார்த்தார்.

"கப்பல்ல எனக்கு நாள் கிழமை தெரியலை. இன்னிக்குக் கிருத்திகை இல்லைன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. அப்ப இவங்கள்லாம் யாருங்க?"

டைப் அடித்தவன் செய்த தப்பு என்றார் ஓனர். போன வருடமும் இதே வரிதானே இருந்தது என்றார் பெரியம்மா. இந்தக் கூட்டத்தில் எப்போது சாமி பார்ப்பது, மகாபலிபுரம் எப்போது போவது, கப்பலை எப்படிப் பிடிப்பது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓனர், வேனை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றிருந்த அப்பாவிடம் திரும்பினார். "இன்னாய்யா பண்லாம், தணிகாசலம்?" அப்பா என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். "என் கையில வேற தாள் கீது சார். போன வருசம் எழுதினது யாருன்னு நீங்களே பெரியம்மாகிட்ட சொல்லுங்க, தரேன்."

ஓனர் செருப்புகளைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

"காது கேக்கலை சார்" என்றேன்.

"இந்தப் பொண்ணுதாம்மா எழுதிச்சு" என்றார், இந்த முறை காவடிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி.

தாளைக் கொடுத்தேன். முதலில் குழந்தைக்கு மொட்டை. தாய், தகப்பன், பெரியம்மா, குழந்தை ஆகிய நால்வர் மட்டும் டிக்கெட் வரிசையில் மேலே போவது. மற்றவர்களை அப்பா சாப்பிட அழைத்துப் போவது. மகாபலிபுரத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்காக வண்டலூரில் ஒரு மணி நேரம் சிங்கம் புலி பார்ப்பது. நான்கரைக்குத் துறைமுக வாசல். நான்கு இருபதுக்கே போய்விட்டோம்.

அன்று மாலை வண்டியை விட்டுவிட்டு, அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் கூட நடந்தேன். எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம்.

"தெரிஞ்சேதான் வுட்டியா?"

"ஆமா."

"அந்தப் புள்ள அப்படி அளுதுச்சே. அது உனக்கு இன்னா பண்ணுச்சு?"

நான் வருந்தும் இடம் இதுதான். ஒரு ரயில் போயிற்று, கேட் திறக்கவில்லை. அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, "காது கேக்கலையாமே உனக்கு" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தலை நிமிர்ந்து, பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்கச் சிரித்தார்.

ஓனர் பொங்கல் வரை அப்பாவுக்கு வண்டி சாவி கொடுக்கவில்லை. வீட்டில் உலை வைக்க அம்மா திணறினாள். ஆனாலும் அப்பா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. தை பிறந்து சில நாளில் ஓனரே எங்கள் தெருவுக்கு வந்தார், ஒரு கையில் சாவி, மறு கையில் கடிதம். டிராவல்ஸ் முகவரிக்கு வந்த அந்தக் கடிதத்தின் மேல் "குமாரி த. அமுதா" என்று எழுதியிருந்தது. இனி எங்கள் ஆட்கள் வந்தால் உன் தாளோடும் உன் அப்பா வண்டியிலும்தான் வருவார்கள் என்று பெரியம்மா எழுதியிருந்தார். வாசலில் நின்ற ஓனரை உட்காரச் சொல்லாமல், கடிதம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

இப்போது நான் ஆங்கில ஆசிரியை. அந்த டிராவல்ஸ் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் படிக்கட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கப்பலில் வருபவர்களுக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. அப்பா வண்டியை விட்டுப் பல வருடமாகிறது. போன மாதம் மருந்துக்கடையில் ஒரு கிழவர் சீட்டை நீட்டி, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று படித்துச் சொல்லச் சொன்னார். ஓனர்தான். படித்துச் சொன்னேன். "நல்லாப் படிக்கிறியே, நீ யார் வூட்டுப் பொண்ணும்மா?" என்றார். அவருக்கு என்னை நினைவில்லை, குன்றத்தூர் நினைவில்லை, எதுவுமே நினைவில்லை.

"டிரைவர் வூட்டுப் பொண்ணு" என்றேன்.

கேட்கவில்லை என்று காதருகே கையைக் குவித்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி மறுபடியும் சொன்னேன்.