சகாயண்ணன் தின்ற புகை

காப்பிப்பூ வாசமும் டீசல் நாற்றமும் கலந்து மூக்கில் ஏறும்... தொண்ணூறுகளில் ஏற்காடு பஜார் ஜீப் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு அது மறக்காது. நானும் அங்கே ஜீப் ஓட்டியவன்தான்.

எங்கள் ஸ்டாண்டுக்குத் தலைவர் சகாயண்ணன். அவர் ஜீப்தான் இருப்பதிலேயே பழசு. கன்னங்கரேலென்று புகை கக்கும். கிண்டல் செய்தால், "வண்டின்னா பொகை வராம பன்னீருங்களா வரும்?" என்பார்.

அந்தச் சமயம் பார்த்து ஓர் எஸ்டேட்காரர் வழக்குப் போட்டுவிட்டார். சுற்றுச்சூழல் சட்டப்படி மலைப்பாதை வண்டிகளுக்குக் கோர்ட்டே புகை அளவு வைக்க வேண்டுமாம்! வைத்தால் முதலில் ஓட முடியாமல் நிற்பது சகாயண்ணன் ஜீப்தான். அவர் குடும்பமே அதை நம்பித்தான் இருந்தது.

"அளவு வைப்பது அரசாங்கத்தின் வேலை, கோர்ட்டின் வேலை இல்லை. எதிர்த்து நிற்கலாம்" என்றார் சேலம் வக்கீல். எங்களுக்கு உயிர் வந்தது. ஸ்டாண்டில் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம் என்று வக்காலத்துப் படிவத்தை வாங்கிக்கொண்டு மலையேறினோம்.

அன்றைக்கு அண்ணனுக்குக் கால்விரலில் அடி. அவர் ஜீப்பை அவருடைய மச்சான் முன்னால் ஓட்டிப் போக, அண்ணன் என் வண்டியில் பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்த ஜீப் எங்கள் முகத்திலேயே ஊதியது.

சொந்த வண்டிக்குப் பின்னால் எந்த டிரைவர் போயிருக்கிறான்? அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். இருமல் வேறு.

ஸ்டாண்டில் பேனாவை நீட்டினோம். அண்ணன் வாங்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கோர்ட்டு அளவு வெக்கலாமா கூடாதான்னு வக்கீலுங்க பேசிக்கட்டுமுங்க. இது எம்பட பொகை, பாய்... இத்தன வருசமா பின்னால வந்தவீங்க தின்னுருக்காங்க. நான் போடமாட்டனுங்க."

"ஏனுங்ணா, ஊட்டுல அடுப்பெரிய வேண்டாமுங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

"எரியுமுங்க. கை கால் இருக்குதில்லீங்க?"

மறுநாளே புகையைக் குறைக்க ஜீப்பைச் சேலத்தில் இன்ஜின் வேலைக்கு விட்டார். அது திரும்பும்வரை கொட்டச்சேடு கிராமத்தில் ஓர் எஸ்டேட்டில் காப்பி மூட்டை தூக்கினார்... நொண்டிக்கொண்டே! என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படி ஒரு மனுஷனை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

பிறகு நாங்களும் ஒவ்வொருவராக வண்டியை வேலைக்கு விட்டோம். அந்த வழக்கு என்ன ஆனதென்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

போன வாரம் மகனோடு காரில் ஏற்காடு போனேன். வளைவுக்கு வளைவு கார்கள் வரிசை... எல்லா ஜன்னலும் மூடியிருக்கிறது, உள்ளே ஏசி. எல்லோரிடமும் புகை சர்டிபிகேட்டும் இருக்கிறது.

"கொஞ்சம் ஓரமா நிறுத்து சாமி" என்று இறங்கி, ஓடிக்கொண்டிருந்த எங்கள் காருக்குப் பின்னால் போய், புகை முகத்தில் படும்படி நின்றேன்.

"என்னங்க அத்தா, பஞ்சருங்களா?" என்றான் மகன்.

சகாயண்ணனாக இருந்தால் கேள்வியே கேட்காமல் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றிருப்பார்.