மைக் அணைக்காத பேருந்து

ஜப்பானின் குஷிரோ நகரில் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டும் கட்சுநோரி, கல்மனசுக்காரர் என்று பெயர் எடுத்தவர். காதல் முறிந்த அன்று மகள் சாயோரி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அழுதபோது, "பாட்டுக்கெல்லாமா அழுவாங்க? மானத்த வாங்காதடி!" என்று அவள் அறைக் கதவைத் தட்டிக் கத்தினார். அவள் ஒசாகாவுக்குப் போய் மூன்று வருடமாகிறது. ஒரு போன்கூட இல்லை.

அன்று காலை பனியில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது அதே பாட்டு அவர் வாயில் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுவதையும் பாடிவிட்டார். கடைசி நிறுத்தத்தை அறிவிக்க மைக்கைப் போடப் போனபோதுதான், முந்தைய நிறுத்தத்தில் அதை அணைக்கவே இல்லை என்பது தெரிந்தது.

பயணிகள் வழக்கம்போலத் தலைகுனிந்து நன்றி சொல்லி இறங்கினார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக வந்த மீன்கடைக்காரப் பெண் மட்டும் கட்டணப் பெட்டிமேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்தாள்.

"எல்லாருக்கும் கேட்டுச்சாம்மா?"

"எங்களுக்கு ஒண்ணும் கேக்கலண்ணே. அழறவங்கள அழ விடணும்ல?"

காது மடல்வரை எரிந்தது அவருக்கு. வெள்ளைக் கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அன்று கதவைத் தட்டியதும் இதே கைதான்.