‘பக்ஷே’ இழுத்து வந்த சொற்கள்

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருடங்களில் நான் பாறசாலைச் சந்தையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். தமிழ் பேசும் ஊர்களெல்லாம் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று எங்கள் பக்கம் ஓயாமல் கூட்டங்கள் நடக்கும். சபைப் பாடகர் குழுவிலேயே கனத்த குரல் என்னுடையது. அமரவிளைக் கூட்டத்துக்கு மைக் கிடைக்காததால் பேச என்னைப் பிடித்துப் போட்டார்கள். நல்ல தமிழில் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

கொல்லயில் ஊரில் எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாள். பேச்சு நன்றாகத்தான் தொடங்கும். பாதியில் எப்படியோ மலையாளத்துக்குள் இறங்கிவிடும். காரணத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

“நீங்க ‘பக்ஷே’ன்னு சொன்னா போச்சு. பெறவு வாறதெல்லாம் மலையாளமாக்கும். அதுக்குப் பதிலா ‘ஆனா’ன்னு சொல்லிப் பாருங்க.”

சொல்லிப் பார்த்தேன். ‘ஆனா’வுக்குப் பின்னால் தமிழ் தானாக வந்தது. அதிலிருந்து கடையிலும் சாப்பாட்டிலும் ‘ஆனா, ஆனா’ என்றே பழகினேன். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அமரவிளையில், சாலையோரத் தோப்பில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் முன்னால் மனைவி. ஓரத்தில், தமிழ் தெரியாத மலையாளிப் போலீஸ்காரர் ஒருவர் கொட்டாவி விட்டபடி நின்றார். நான் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டே போனேன். முடிக்கும் நேரத்தில் தொண்டை கம்மியது. முன்னாலிருந்த பெரியவர் ஒருவர், “கொறச்சு வெள்ளம் தரட்டா மக்கா?” என்று தண்ணீர்ச் செம்பைக் காட்டிக் கேட்டார்.

“வேண்டாம், பக்ஷே...” என்றேன்.

மனைவி தலையில் கைவைப்பது தெரிந்தது. வாய் நிற்கவில்லை.

“பக்ஷே, நம்முடெ பாஷ தமிழாணு. அது ஆர்க்கும் மாற்றான் பற்றில்ல.”

நம் மொழி தமிழ், அதை யாராலும் மாற்ற முடியாது என்பதைக் கையை உயர்த்தி, சுத்தமான மலையாளத்தில் முழங்கியிருந்தேன். தோப்பு முழுக்கச் சிரிப்பு, அதன் மேல் கைதட்டல். எனக்குக் காது சுட்டது. போலீஸ்காரர் கிட்டே வந்து, கடைசியில் பேசியதுதான் தனக்குப் புரிந்தது, அது நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

வீடு திரும்பும்போது மனைவி திட்டப் போகிறாள் என்று முன்னால் எட்டி நடந்தேன். பாதி வரப்பில் அவள் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சிரித்துச் சிரித்து நடக்க முடியவில்லை.

மறுநாள் குளத்தூர்க்காரர்கள் கடைக்கு வந்து தங்கள் கூட்டத்துக்கும் அழைத்தார்கள். எதைப் பற்றிப் பேசட்டும் என்று கேட்டேன். எதைப் பற்றியானாலும் சரி, ஆட்கள் வருவார்கள் என்றார்கள்.